அப்பென்டிக்ஸ் வெடித்து ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள் மறுபடி காய்ச்சல்: உள்ளே சீழை விட்டுவிட்டார்களா?

ரெண்டாம்பெட்_அப்பா:

மகளுக்கு 6 வயது, 19 கிலோ. அவள் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் இதைத் தட்டுகிறேன். தூக்கம் இல்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன திங்கள் இரவு தொப்புளைக் காட்டி வலிக்கிறது என்றாள். இரண்டு தடவை வாந்தி. செவ்வாய் லேசான காய்ச்சல், கொஞ்சம் கொஞ்சமாக ஏழெட்டு முறை வயிற்றாலே போனது. வயிற்றுப்போக்கு என்றே நினைத்தோம். பார்த்த டாக்டரும் அப்படித்தான் நினைத்தார், உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுக்கச் சொல்லி அனுப்பினார். புதன் மதியம் "இப்ப வலிக்கலப்பா" என்றாள். அன்று ராத்திரி நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம். அந்தத் தூக்கத்தை நினைத்தால்தான் இப்போது தூக்கம் வரமாட்டேன் என்கிறது. வியாழன் விடியற்காலை காய்ச்சல் 103. வயிறு பலகை மாதிரி. முழங்காலை மடக்கிக்கொண்டு ஒரே பக்கமாகக் கிடந்தாள். வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் கத்தினாள்.

ஸ்கேனில் பார்த்துவிட்டு அப்பென்டிக்ஸ் (குடல்வால்) வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவியிருக்கிறது, பெரிட்டோனைட்டிஸ் என்றார்கள். உடனே தியேட்டருக்குக் கொண்டுபோவார்கள் என்று பார்த்தால் ஐந்து மணி நேரம் டிரிப்ஸ் ஏற்றினார்கள். நான் சத்தம் போட்டேன், மறைக்கவில்லை. அப்புறம்தான் லேப்ராஸ்கோப்பி, மூன்று சின்னத் துளை. முடித்துவிட்டு வந்த சர்ஜன், சீழை உறிஞ்சி எடுத்துவிட்டோம், கழுவவில்லை, டிரெயினும் (சீழை வெளியே வடிக்கிற குழாய்) வைக்கவில்லை என்று சாதாரணமாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். இப்போது அந்த வாக்கியம்தான் மண்டைக்குள் சுற்றுகிறது.

மூக்கு டியூப் மூன்று நாள். நாலாம் நாள் ஜன்னல்வரை நடந்தாள். ஐந்தாம் நாள் காய்ச்சலே இல்லை. நேற்று ராத்திரி மறுபடி 102. இன்று ஸ்கேன் எடுத்ததில் இடுப்புக்குழிக்குள் 4 சென்டிமீட்டருக்குச் சீழ் கட்டியிருக்கிறதாம். நாளை முடிவு செய்கிறார்களாம்.

கழுவாமல் விட்டதால்தானே இது? அந்த ஐந்து மணி நேரத்தில் சீழ் இன்னும் பரவியிருக்காதா? மறுபடி வயிற்றைத் திறப்பார்களா? என் அம்மா போனில் கேட்டதையும் கேட்டுவிடுகிறேன்: பெண்பிள்ளை, நாளைக்குக் குழந்தை பெறுவதில் ஏதாவது சிக்கல் வருமா?

சும்மா_ஒரு_சந்தேகம்:

முதலில் ஏன் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டீர்கள் நண்பா? இப்போதெல்லாம் அப்பென்டிக்ஸை ஆன்டிபயாடிக்கிலேயே சரிசெய்கிறார்கள். என் அக்கா பையனுக்கு இரண்டு நாள் ஊசி, அப்புறம் மாத்திரை, அவ்வளவுதான். கத்தியே படவில்லை.

பழைய_தையல்:

முப்பது வருஷம் குழந்தைகள் அறுவைப் பிரிவில் இருந்தேன். முதுகு மக்கர் செய்ததால் இப்போது தியேட்டருக்குப் போவதில்லை. உங்கள் மகளை நான் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டுப் பார்க்கிறவர்கள் சொல்வதுதான் முடிவு. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மேலே கேட்டவருக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த அப்பா இன்று ராத்திரி அதையும் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆன்டிபயாடிக் மட்டும் போதும் என்ற பேச்செல்லாம் வெடிக்காத அப்பென்டிக்ஸுக்கு. வெடித்து வயிறு முழுக்கப் பரவினால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. நடுவில் இன்னொரு நிலை உண்டு. வெடித்துச் சில நாள் ஆகி, குடலெல்லாம் சுற்றி ஒட்டி, ஒரே இடத்தில் கட்டியாக அடங்கிப்போயிருக்கும். அங்கே அவசரப்பட்டுக் கைவைத்தால் குடலைக் கிழித்துக்கொண்டு வருவோம். அதனால் முதலில் மருந்து, சீழ் இருந்தால் ஊசியால் வடிப்பது, அப்பென்டிக்ஸை ஆறு முதல் எட்டு வாரம் கழித்து எடுப்பது என்று ஒரு வழி இருக்கிறது. பிறகு எடுக்கத்தான் வேண்டுமா என்பதே இப்போது விவாதம். கட்டி கரைந்த பிறகு எடுக்காமல் விட்ட பிள்ளைகளை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்த பிரிட்டிஷ் ஆய்வு 2017-ல் வந்தது. நூற்றுக்குச் சுமார் 12 பேருக்குத்தான் அப்பென்டிசைட்டிஸ் திரும்பியது. உங்கள் அக்கா பையன் கதை வேறு, இந்தப் பிள்ளை கதை வேறு.

இப்போது உங்களுக்கு.

அந்த ஐந்து மணி நேரம். சிகிச்சைக்கு முன்னால் காத்துக்கிடந்த நேரம் என்று அதைக் கணக்குப் போடுகிறீர்கள். என் கணக்கில் சிகிச்சை அங்கேதான் ஆரம்பம். வயிற்றின் உள்ளே, குடல்மேலெல்லாம் படர்ந்திருக்கிற பெரிட்டோனியம் என்ற மெல்லிய உறையை விரித்துப் போட்டால் ஏறக்குறைய உடம்புத் தோலின் பரப்பு வரும். அது முழுக்க வெந்துபோய் நீர் கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தீப்புண்பட்ட பிள்ளை எப்படி வற்றுமோ அப்படித்தான் இந்தப் பிள்ளையும் வற்றும். கசிவு உள்ளேயே நடப்பதால் வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. போதாததற்கு வாந்தி, காய்ச்சல், ஓடாமல் நின்றுபோன குடலுக்குள் தேங்கிய நீர். இப்படி வற்றின பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் தடாலென்று விழும். அதனால்தான் முதலில் ஏற்றுகிறோம். கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி வீதம், உங்கள் மகளுக்கு ஒரு தடவைக்கு அதிகபட்சம் 380 மில்லி. பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மறுபடி. போதுமா என்பதற்குச் சாட்சி சிறுநீர்: மணிக்குக் கிலோவுக்கு 1 மில்லி, அதாவது அவளுக்கு 19 மில்லி வந்தால் போகலாம். நீங்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு நர்ஸ் பையைத் தூக்கிப்பிடித்து அளவு பார்த்துக்கொண்டிருந்திருப்பார், கவனித்திருக்க மாட்டீர்கள்.

அதே நேரத்தில் ஆன்டிபயாடிக்கும் போயிருக்கும். பிப்பரசிலின்-டாசோபாக்டம், அல்லது செஃப்ட்ரையாக்சோனோடு மெட்ரோனிடசோல். ஈ.கோலை வகைக் கிருமியையும் அடக்கும், காற்றில்லாமல் வளர்கிற பாக்டீராய்ட்ஸ் வகையையும் அடக்கும். அந்த முதல் டோஸ் உள்ளே போன நிமிஷமே சண்டை ஆரம்பித்துவிட்டது. சீழ் பரவுவது முந்தின நாளே நடந்து முடிந்த காரியம்.

முந்தின நாள் என்றதும் புதன் மதியம் உங்களுக்கு ஞாபகம் வரும். சொல்லிவிடுகிறேன். வீங்கி, வழி அடைத்து, உள்ளே அழுத்தம் ஏறிய குழாய் அது. கிழிந்தால் அழுத்தம் குறையும், வலியும் குறையும். பிறகு சீழ் பரவப் பரவ வயிறு முழுக்க வலி வரும். இந்த இடைவெளியில் ஏமாறாத வீடு இல்லை. டாக்டர்களும் ஏமாறுவார்கள், நானே இரண்டு பிள்ளைகளிடம் ஏமாந்திருக்கிறேன், ஒன்றின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை போனதும் வயிற்றுப்போக்கு அல்ல. இடுப்புக்குள் இறங்கின சீழ் மலக்குடலை நெருடினால் அப்படித்தான் போகும். சின்னப் பிள்ளைகளிடம் இது சீக்கிரம் முற்றுவதற்குக் காரணம் உண்டு. குடலுக்கு முன்னால் திரை மாதிரித் தொங்குகிற கொழுப்புப் படலம், ஓமென்டம், பெரியவர்களிடம் போய்ச் சுற்றி அடைத்துக்கொள்ளும். பிள்ளைகளிடம் அது குட்டையாக, மெல்லியதாக இருக்கும், எட்டாது. 5 வயதுக்குக் கீழே, கண்டுபிடிக்கிற நேரத்தில் பெரும்பாலும் வெடித்தே இருக்கும்.

சரி, கழுவாத விஷயம். இதில் எனக்கே ஒரு தலைகீழ் மாற்றம் நடந்தது. நாங்கள் படித்த காலத்தில் வயிற்றை நடுவில் திறந்து, வெதுவெதுப்பான சலைனை லிட்டர் லிட்டராக ஊற்றி, தெளிவாக வரும்வரை அலசுவோம். அப்படிச் செய்யாதவன் சோம்பேறி. 2012-ல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. வெடித்த அப்பென்டிக்ஸ் உள்ள 220 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு லேப்ராஸ்கோப்பியில் உறிஞ்சி மட்டும் எடுத்தார்கள், பாதிப் பேருக்குக் கழுவியும் எடுத்தார்கள். பின்னால் சீழ் கட்டியது இரண்டு பக்கமும் நூற்றுக்கு 18, 19 பேருக்கு. வித்தியாசமே இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஊற்றின சலைன் எல்லாம் எங்கே போனது? யோசித்தால் புரிகிறது: ஒரு மூலையில் இருக்கிற சீழை ஈரல் அடிவரைக்கும் நாமே மிதக்கவிடுகிறோம்.

டிரெயினும் அப்படித்தான். பரவிய சீழுக்கு வைத்தால் குடலும், ஃபைப்ரின் என்ற ஒட்டுகிற புரதமும் சேர்ந்து சீக்கிரமே அதைச் சுற்றி மூடிவிடும். பிறகு அது தன்னைச் சுற்றி ஒரு விரற்கடை இடத்தை மட்டும்தான் வடிக்கும். சுவர் கட்டி நிற்கிற சீழ்க்கட்டிக்கு டிரெயின் நல்லது. முதல் நாள் உங்கள் மகளுக்கு இருந்தது அது இல்லை. இப்போது இருப்பது அது.

ஆகவே உள்ளே விட்டுவிட்டார்களா என்று கேட்டால், கண்ணுக்குத் தெரிவதை எடுத்திருப்பார்கள். குடல் மடிப்பு மடிப்பாக ஒட்டியிருக்கிற மஞ்சள் படலத்தை உரித்து எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது, ரத்தம் வரும். அதில் மிச்சமிருக்கிறதை மருந்தும் உடம்பும் தின்ன வேண்டும். நன்றாகச் செய்த ஆபரேஷனுக்குப் பிறகும் வெடித்த கேஸில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளைக்கு இப்படிக் கட்டுகிறது, பெரும்பாலும் முதல் வாரக் கடைசியில். உங்கள் மகள் நாள் தவறாமல் வந்திருக்கிறாள். நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: மலக்கல் இருந்ததா, எடுத்தார்களா? அப்பென்டிக்ஸ் வாயை அடைத்திருக்கும் குன்றிமணி அளவுக் கல். வெடிக்கும்போது அது நழுவி வயிற்றுக்குள் விழுந்து அங்கேயே தங்கினால் சீழ் திரும்பத் திரும்பக் கட்டும். சண்டை தொனியில்லாமல் கேளுங்கள்.

மறுபடி வயிற்றைத் திறப்பது அரிது. 3 சென்டிமீட்டருக்குள் என்றால் ஆன்டிபயாடிக் தொடர்ந்தாலே பெரும்பாலும் கரையும். 4 என்பது எல்லைக்கோடு. ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி விட்டு, அதன் வழியே மெல்லிய குழாய் வைப்பார்கள். இடுப்புக்குழியின் அடியில் இருந்தால் சில நேரம் ஆசனவாய் வழியாக வைப்பதும் உண்டு. கேட்கவே ஒருமாதிரி இருக்கும், ஆனால் குறுக்குவழி அதுதான், தழும்பும் இருக்காது. எதுவானாலும் அவளைத் தூங்கவைத்துத்தான் செய்வார்கள். வருகிற சீழைக் கட்டாயம் கல்ச்சருக்கு, அதாவது எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கிற சோதனைக்கு, அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு: 1999-ல் ஸ்வீடனில் ஆயிரக்கணக்கான பெண்களின் பதிவேடுகளைப் பார்த்தார்கள். சின்ன வயதில் அப்பென்டிக்ஸ் வெடித்தவர்களும் பின்னாளில் மற்றவர்களைப் போலவே பிள்ளை பெற்றிருந்தார்கள். தைரியமாகப் போன் செய்யுங்கள்.

சம்பந்தமில்லாமல் ஒன்று. அப்பென்டிக்ஸை எடுத்ததாகப் பதிவான முதல் ஆபரேஷனே ஒரு 11 வயதுப் பையனுக்குத்தான். 1735, லண்டன், கிளாடியஸ் ஆமியாண்ட் என்ற சர்ஜன். அவன் விழுங்கின குண்டூசி அப்பென்டிக்ஸைத் துளைத்திருந்தது. மயக்க மருந்துக்கு இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் பாக்கி, ஆன்டிபயாடிக்குக்கு இருநூறு. பையன் பிழைத்துக்கொண்டான்.

நைட்_டியூட்டி:

டாக்டர் எல்லாம் சொல்லிவிட்டார். அவர் விட்டதை நான் சொல்கிறேன் தம்பி. வார்டு நர்ஸ், அதனால் ராத்திரி சமாச்சாரம்தான் எனக்குத் தெரியும்.

மூக்கு டியூப் ஏன் மூன்று நாள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். சீழ் பட்ட குடல் வேலைநிறுத்தம் செய்யும். அதுவரை ஊறுகிறதை மேலிருந்து எடுத்தால்தான் வயிறு உப்பாது, வாந்தி நெஞ்சுக்குள் போகாது. பையில் வருகிற நிறம் பச்சையிலிருந்து வெளிறி, அளவு குறைந்து, பிள்ளைக்குக் காற்று பிரிந்தால் எங்களுக்கு அது ஒரு விசேஷம். பெற்றோர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை வேறு எதற்கும் பார்க்க முடியாது.

நடக்கவையுங்கள். வலி மருந்து கொடுத்து அரைமணி கழித்து நடக்கவையுங்கள். நிறைய அப்பாக்கள் வலி மருந்து கேட்கத் தயங்குகிறார்கள், நோயை மறைத்துவிடுமோ என்று. மறைக்காது. வலியில் மூச்சை அடக்கிப் படுத்திருக்கிற பிள்ளைக்குத்தான் சளி கட்டும், குடலும் மெதுவாக எழும்.

இப்போது சீழ் கட்டியிருக்கிறதால் அடிக்கடி பாத்ரூம் போகணும் என்பாள், போனால் கொஞ்சம் சளி மட்டும் வரும். வயிற்றுப்போக்கு மருந்து எதுவும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்றாலும் சொல்லுங்கள், மூத்திரப்பையும் பக்கத்தில்தான் இருக்கிறது.

சத்தம் போட்டதற்கு யாரும் உங்களைத் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். நாங்கள் மறந்தும் போயிருப்போம்.

மொட்டைமாடி_மழை:

பயமுறுத்த எழுதவில்லை. ஆனால் யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம் என்று நினைத்த விஷயம் ஒன்று இருக்கிறது. என் மகனுக்கு 8 வயதில் இதே மாதிரி வெடித்தது. அவனுக்கு வயிற்றை நடுவில் திறந்து செய்தார்கள். பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம், எல்லாம் நல்லபடி. ஏழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வயிறு பிடித்துப் பிடித்து வலித்து, பச்சையாக வாந்தி எடுத்தான். மறுபடி வாயுத்தொல்லை என்று நினைத்துக்கொண்டு அரைநாள் வீணாக்கினேன். உள்ளே ஆறின இடத்தில் குடல் ஒட்டிக்கொண்டு முறுக்கியிருக்கிறது. டிரிப்ஸும் டியூபும் போட்டு இரண்டு நாள் பார்த்தார்கள், தானாக விடுபட்டது, ஆபரேஷன் தேவைப்படவில்லை. லேப்ராஸ்கோப்பி என்றால் ஒட்டுவது குறைவு என்று அப்போது சொன்னார்கள். இருந்தாலும் பச்சை வாந்தி என்றால் வீட்டில் உட்காராதீர்கள், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும். இதை டிஸ்சார்ஜ் காகிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்கள். நான் படிக்கவில்லை.

பழைய_தையல்:

மேலே அம்மா சொன்னது சரி. பச்சை என்றால் பித்தம், பித்தம் மேலே வந்தால் கீழே எங்கோ வழி அடைத்திருக்கிறது. பிள்ளை மருத்துவத்தில் எனக்கு மிகவும் பயமான நிறம் அது.

ரெண்டாம்பெட்_அப்பா:

ஐந்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

மறுநாளே தூங்கவைத்து ஸ்கேன் பார்த்துக்கொண்டே குழாய் வைத்தார்கள், முன்பக்கமாகவே எட்டியது. உடனே 30 மில்லி வந்தது. நாற்றத்தை எழுத்தில் சொல்ல முடியாது. கல்ச்சரில் சூடோமோனாஸ் என்ற கிருமி வளர்ந்திருக்கிறது. முதலில் கொடுத்த செஃப்ட்ரையாக்சோனுக்கு அது அடங்காதாம், மருந்தை மாற்றினார்கள். மாற்றி ஒன்றரை நாளில் காய்ச்சல் இறங்கியது. அதன்பிறகு ஏறவில்லை.

மலக்கல்லைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் சொன்ன தொனியில். சர்ஜன் சிரித்துவிட்டுத் தன் போனில் ஒரு படம் காட்டினார். அப்பென்டிக்ஸ், நடுவில் ஓட்டை, பக்கத்தில் ஒரு சின்னப் பழுப்புக் கல். பையில் போட்டு முழுசாக எடுத்திருக்கிறார்கள். ஐந்து மணி நேர விஷயத்துக்கும் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. சிஸ்டர், நீங்கள் சொன்னது பலித்தது.

அம்மாவிடமும் பேசிவிட்டேன். ஸ்வீடன் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

மகள் இப்போது டிரெயின் பையைக் கையில் பிடித்துக்கொண்டு தானே நடக்கிறாள். காலையில் நர்ஸ் வந்ததும் எத்தனை மில்லி என்று அவளே கேட்டு என் போனில் எழுதச் சொல்கிறாள். 22, 11, 6. இன்று 4. ஒன்று மட்டும் தெரிய வேண்டும்: குழாயை எடுக்கும்போது மறுபடி தூங்கவைப்பார்களா? நேற்றிலிருந்து அதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பழைய_தையல்:

வழக்கமாக இல்லை, வார்டிலேயே எடுத்துவிடுவார்கள். நான்கு என்றால் நாளையோ மறுநாளோ இருக்கும், அதற்கு முன் இன்னொரு ஸ்கேன் பார்க்கலாம். ஒரு வினாடி இழுக்கிற மாதிரி இருக்கும் என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள், வலிக்காது என்று பொய் சொல்லாதீர்கள். அரைமணிக்கு முன்னால் வலி மருந்து. மூச்சை இழுத்து ஊதச் சொல்லி, ஊதும்போது எடுப்பார்கள்.

நைட்_டியூட்டி:

ஊதுவதற்குக் கையில் ஏதாவது கொடுங்கள் தம்பி, சோப்புக் குமிழி நல்லது. மூன்றாவது குமிழிக்குள் குழாய் வெளியே வந்திருக்கும்.